டிசம்பர் அட்டவணை குறித்துத் திருச்சபையாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத் திருச்சபைகளின் சேகரக் கமிட்டியார், பங்குப் பேரவையினர், பாடகர் குழுவினர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் சங்கத்தார் ஆகிய அனைவருக்கும்,

கிறிஸ்துமஸ் வணிகர் கைக்குப் போய்விட்டது, கேக்கும் புதுத்துணியும் தள்ளுபடி விளம்பரமும் மிஞ்சிப் பிறந்தவர் மறக்கப்பட்டுவிட்டார் என்ற முறையீடு டிசம்பர்தோறும் தமிழகத்துப் பிரசங்க மேடைகளில் தவறாமல் கேட்கிறது. கேட்கும் சபையாரும் தலையசைக்கின்றனர். ஆராதனை முடிந்ததும் பாதிப்பேர் நேரே துணிக்கடைக்குத்தான் போகின்றனர். இதில் போலித்தனம் இருப்பதாக இம்மடல் கருதவில்லை. முறையீட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் குற்றவாளி என்று அது சுட்டும் ஆள் சரியான ஆள்தானா என்பதில் ஐயம் இருக்கிறது. கடைத்தெரு எடுத்துக்கொண்டது எது, திருச்சபை தானாகவே கைவிட்டது எது என்று பிரித்துப் பார்த்தால், பண்டிகையின் சமயப் பொருளுக்கு நேர்ந்த பெரிய இழப்பு பணத்தால் நேர்ந்ததன்று, நாட்களை ஒழுங்குசெய்யும் பொறுப்பைச் சபைகள் நழுவவிட்டதால் நேர்ந்தது என்பது புலப்படும். அந்தப் பொறுப்பு இன்று தங்களிடம் இருப்பதால்தான் இம்மடல் தங்களுக்கு எழுதப்படுகிறது.

முதலில், வணிகக் கறை படியாத தூய கிறிஸ்துமஸ் ஒன்று முற்காலத்தில் இருந்தது என்னும் எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. நற்செய்தி நூல்கள் நான்கனுள் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே பிறப்பை விவரிக்கின்றன. நாள் எதுவென்று அவையும் சொல்வதில்லை. டிசம்பர் 25 என்ற நாள் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று, கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட உரோமை நாட்காட்டி ஒன்றே. கீழைத் திருச்சபைகளில் ஜனவரி 6 நெடுங்காலம் பிறப்பு விழாவாக இருந்தது; ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்நாளில்தான் அதைக் கொண்டாடுகிறது. குளிர்காலத்தின் நடுவே வந்த இவ்விழா, அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்து புதிய மதுவும் இறைச்சியும் கிடைக்கும் பருவத்தில் அமைந்ததால், ஐரோப்பாவில் தொடக்கம் முதலே ஊண், குடி, கூத்து ஆகியவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது. ஏழைகள் கூட்டமாகச் சென்று செல்வர் வீட்டுக் கதவைத் தட்டி உணவும் மதுவும் உரிமையோடு கேட்டுப் பாடும் வழக்கமும், கேட்டது கிடைக்காவிடில் ரகளை செய்யும் வழக்கமும் இருந்தன. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீபன் நிசன்பாம் 1996இல் வெளியிட்ட நூல் இவ்வழக்கங்களை விரிவாக ஆராய்ந்து, குடும்பத்தையும் குழந்தைகளையும் நடுவில் வைத்த அமைதியான கிறிஸ்துமஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு என்றும், அதைப் படைத்ததில் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்றும் காட்டுகிறது. பலர் பழைய பக்தி என்று ஏங்கும் வடிவமே வணிகத்தின் துணையோடு உருவானது என்பது சற்றே சங்கடம் தரும் செய்திதான்.

வணிகத்தை எதிர்ப்பது மட்டுமே சமயப் பொருளைக் காத்துவிடாது என்பதற்கு இங்கிலாந்தின் தூய்மைவாதிகள், அதாவது வேதத்தில் கட்டளை இல்லாத சடங்குகள் அனைத்தையும் திருச்சபையிலிருந்து நீக்க முயன்ற சீர்திருத்தப் பிரிவினர், நல்ல சான்று. அவர்கள் கையோங்கிய நாடாளுமன்றம் 1647 ஜூனில் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட திருநாட்களை ஒழித்துச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 25 சனிக்கிழமை, சந்தை நாள். கேன்டர்பரி நகரத்து மேயர் கடைகளைத் திறந்து வைக்கும்படி ஆணையிட, திறந்த கடைகளை நகரத்தார் தாக்கிச் சரக்குகளைத் தெருவில் வீசிக் கலகம் செய்தனர். பக்தியின் பெயரால் அதிகாரம் கடையைத் திறக்கச் சொன்னது, விழாவின் பெயரால் மக்கள் கடையை மூடச் செய்தனர்! அட்லாண்டிக்கின் மறுகரையில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. அச்சட்டம் 1681 வரை நீடித்தது. பண்டிகையை நீக்கிவிட்டால் பொருள் தூய்மையாகிவிடும் என்ற இவ்வெண்ணம் இன்றும் முற்றாக மறையவில்லை. தமிழகத்திலும் சில பெந்தெகொஸ்தே சபைகள் டிசம்பர் 25ஐ ஏற்பதில்லை. அவர்களுடைய வாதத்தில் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் விழா இல்லாத இடத்தில் நினைவு எவ்வாறு தலைமுறை தாண்டும் என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் விடை இல்லை.

வணிகம் உண்மையில் செய்தது என்ன என்பதை 1843ஆம் ஆண்டு இலண்டன் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டு ஹென்றி கோல் என்ற அரசு அலுவலர், ஓவியர் ஜான் ஹோர்ஸ்லியைக் கொண்டு வரைவித்து விற்பனைக்கு விட்ட அட்டையே முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எனப்படுகிறது. விலை ஒரு ஷில்லிங். நடுவே ஒரு குடும்பம் மதுக்கிண்ணம் ஏந்தி நிற்கிறது. இருபுறமும் பசித்தவர்க்கு உணவும் ஆடையற்றவர்க்கு ஆடையும் வழங்கும் காட்சிகள் இருக்கின்றன. தொழுவமும் குழந்தையும் மட்டும் இல்லை. அதே டிசம்பர் 19ஆம் நாள் சார்லஸ் டிக்கன்சின் கிறிஸ்துமஸ் குறுநாவல் வெளியாகி, விழாவுக்கு முன்பே ஆறாயிரம் படிகள் விற்றுத் தீர்ந்தன. கஞ்சன் மனம் திரும்பி ஏழைக்கு இரங்கும் கதை அது. இரக்கத்தையும் குடும்ப அன்பையும் சந்தையால் தாங்க முடியும், அவற்றை அது நன்றாகவே விற்கும் என்பதை இவ்விரண்டும் ஒருசேரக் காட்டுகின்றன. ஆகவே, வணிகம் அன்பை அழித்துவிட்டது என்று பிரசங்கத்தில் சொல்வது பொருந்தாது. அது தாங்க முடியாத சரக்கு வேறு.

அந்தச் சரக்கு காத்திருத்தல். நவம்பர் 30ஆம் நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கி நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஒரு பருவம் மேற்கத்தியத் திருச்சபை ஆண்டின் தலைப்பில் நிற்கிறது. கத்தோலிக்கர் அதைத் திருவருகைக் காலம் என்பர், பிற சபையார் பலர் அட்வெந்து என்றே வழங்குவர். இது கிறிஸ்துமஸின் முன்னுரை என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் பிறந்தவரின் முதல் வருகையை நினைப்பதோடு, அவர் நியாயம் தீர்க்க மீண்டும் வரும் வருகைக்கு ஆயத்தப்படுவதும் இப்பருவத்தின் பொருள். மரணம், தீர்ப்பு, மோட்சம், நரகம் என்னும் நான்கு கடைசிக் காரியங்கள் குறித்து அந்நான்கு ஞாயிறுகளிலும் பிரசங்கிப்பது பழைய மரபு. பீடத்தில் ஊதாத் துணி விரிப்பது மனந்திரும்புதலின் அடையாளம். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் திருநாளாகிய நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பிருக்க ஏற்பாடு செய்தார். கீழை மரபுத் திருச்சபைகளில் இன்றும் நோன்பு உண்டு. தமிழகத்தின் அண்டையிலேயே, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நாள் நோன்பை மீனும் இறைச்சியும் தவிர்த்துக் கடைப்பிடிக்கின்றனர். முன்னே நோன்பு, பின்னே விருந்து என்ற இவ்வரிசைதான் விழாவுக்குச் சமயப் பொருள் தந்தது. பசித்தவனுக்குத்தான் விருந்து விருந்தாகும்.

சந்தைக்கு இவ்வரிசை ஆகாது. விருந்தை டிசம்பர் 25க்கு முந்திய வாரங்களில் விற்றாக வேண்டும். அந்நாள் மாலையோடு அதன் வேலை முடிந்தது. 1939இல் அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள் நவம்பர் 30இல் வரவிருந்தபோது, அதற்கு முன் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தொடங்குவது முறையன்று என்ற கூச்சம் வணிகரிடையே அன்று இருந்தமையால், விற்பனைக் காலம் சுருங்கும் என்று அவர்கள் முறையிட, அதிபர் ரூசுவெல்ட் அந்நாளை ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார். சில மாநிலங்கள் ஏற்க மறுத்துப் பழைய நாளிலேயே கொண்டாடின. 1941இல் நாடாளுமன்றம் நான்காம் வியாழன் என்று சட்டமாக்கிக் குழப்பத்தைத் தீர்த்தது. வணிகம் கேட்டது நாட்களைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. காத்திருப்பை எண்ணுவதற்கென்றே பிறந்த பொருள்களும் இவ்வழியே போயின. ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவருக்கு இல்லம் நடத்திய போதகர் யோகான் விக்கெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அவர்கள் நச்சரித்ததால், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் வாரநாட்களுக்குச் சிறு மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்திகளையும் நிறுத்தி, நாளுக்கொன்றாக ஏற்றச் செய்தார். இன்று பல ஆலயங்களில் காணும் நான்கு மெழுகுவர்த்தி வளையத்தின் மூலம் அதுவே. நாளுக்கொரு சன்னலைத் திறந்து பார்க்கும் அட்வெந்து நாட்காட்டியும் ஜெர்மனியில் தோன்றியதுதான். இப்போது ஒவ்வொரு சன்னலுக்குள்ளும் சாக்லேட் இருக்கிறது, சில நாடுகளில் அழகுசாதனப் பொருளும் மதுக்குப்பியும் இருக்கின்றன. இருபத்துநான்கு நாள் காத்திருப்பு இருபத்துநான்கு நாள் நுகர்வாகிவிட்டது.

இவையெல்லாம் மேலைநாட்டுக் கதை, இங்கே கிறிஸ்துமஸ் சந்தை எவ்வளவு பெரியது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர் 6.12 விழுக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடாக இருப்பினும், தீபாவளியோடு ஒப்பிட இங்குள்ள விற்பனை சிறிதே. துணிக்கடைகள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றையும் ஒரே பேனரில் கட்டி முடித்துவிடுகின்றன. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கல்கலும் இன்னும் வீட்டு அடுப்பில்தான் வேகின்றன. வருடத்துக்கொரு முறை பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கும் குடும்பத்தை நோக்கி ஆடம்பரம் என்று பிரசங்கிப்பது அன்பில்லாத செயல். எனவே தமிழகத்தில் கடைத்தெருவைக் குற்றம் சாட்டுவது இன்னும் பொருந்தாது. இங்கே காத்திருப்பைத் தொலைத்தவர்கள், மிகுந்த மரியாதையோடு சொல்வதாயின், தாங்களே.

தங்கள் டிசம்பர் அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம். முதல் வாரத்திலேயே செமி கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுகிறது. அரையாண்டு விடுமுறைக்கு முன் பிள்ளைகள் கூடிக் கொண்டாட வேண்டும் என்ற தேவையால் பள்ளி, கல்லூரிகளில் பிறந்த ஏற்பாடு இது. அங்கே அதற்கு நியாயம் உண்டு. சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் கிறிஸ்மா, யார் கிறிஸ்சைல்ட் என்று பிரித்து இரகசியமாகப் பரிசு தரும் விளையாட்டும் அங்கிருந்து வந்ததே. பரிசுக்கு உச்சவிலை வைக்கும் நல்ல புத்தியும் அங்கே பலரிடம் இருக்கிறது. ஆனால் விடுமுறைக் கட்டாயம் ஏதுமில்லாத ஆலயம் ஏன் அவ்வாறே செய்ய வேண்டும்? இரண்டாம் ஞாயிறு பாடகர் குழுவின் கேரல் ஆராதனை, மூன்றாம் ஞாயிறு ஞாயிறு பள்ளிக் கலைவிழா, இடையே பெண்கள் ஐக்கிய சங்கத்து விழா, வாலிபர் விழா, ஒவ்வொன்றிலும் கேக் வெட்டு, ஒவ்வொன்றிலும் கிறிஸ்துமஸ் தாத்தா. டிசம்பர் 25 அதிகாலை ஆராதனைக்கு வரும்போது பிள்ளைகள் அதே பாடல்களை எத்தனையோ முறை பாடி முடித்திருக்கின்றனர். பிறப்புச் செய்தி செய்தியாகவே இருப்பதில்லை. பீடத்தில் ஊதாத் துணி விரித்திருக்க, அதன் முன்னே மேடையில் சிவப்பு அங்கி ஆடுகிறது. நட்சத்திர ஓட்டல்கள் அக்டோபர், நவம்பரிலேயே உலர்பழங்களையும் முந்திரியையும் மதுவில் ஊறவைக்கும் நிகழ்ச்சியை நடத்திப் படம் எடுத்துக்கொள்கின்றன. ஊறியது கேக்காக மேசைக்கு வர வாரக்கணக்காகும் என்பது அங்குள்ள சமையற்காரருக்குத் தெரியும். ஆயத்தம் என்னும் கருத்தைச் சபையைவிட ஓட்டல் நன்கு காத்துவருகிறது என்றால் அது வேடிக்கைக்குச் சொன்னது மட்டுமன்று.

கேரல் பவனியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சமயமும் வரவுசெலவும் ஒன்றையொன்று தொடும் இடம் அதுதான். இருட்டியதும் ஆலய வளாகத்தில் ஜெபித்துவிட்டு டெம்போவில் டிரம்மும் ஒலிபெருக்கியும் ஏற்றிக் குழு புறப்படுகிறது; பஞ்சு தாடிக்குள் வியர்த்தபடி ஒருவர் தாத்தாவாக நிற்கிறார். முதல் சில வீடுகளில் இரண்டு பாடல், ஒரு வேதபகுதி, ஜெபம் எல்லாம் முழுமையாக நடக்கின்றன. பட்டியல் நீளமானது, பத்து மணிக்கு மேல் பாட்டு ஒரு சரணமாகிறது, வேதபகுதி விடுபடுகிறது, ஜெபம் இரண்டு வாக்கியத்தில் முடிகிறது. எந்த வீட்டிலும் விடுபடாதது காணிக்கைக் கவரும், அதை நோட்டில் குறித்துக்கொள்வதும் மட்டுமே. அப்பணம் ஆலயக் கூரைக்கோ ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கோ போகலாம்; நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் எந்த வீட்டை எந்த இரவில் பார்ப்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை முடிவுசெய்வது காணிக்கைப் பட்டியலானால், செல்வர் வாசலில் ஏழைகள் பாடிய பழைய வழக்கம் தலைகீழாகிவிட்டது என்றே பொருள். சந்தா பாக்கி வைத்திருக்கும் விதவையின் வீடு பட்டியலில் உண்டா, ஊருக்கு வெளியே இருக்கும் தெருவுக்கு வண்டி போகிறதா, ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு யார் பாடுகிறார்கள் என்பதைக் கமிட்டியார் தத்தம் சேகரத்து நோட்டைப் புரட்டியே அறியலாம்.

முற்றாக எல்லாம் தொலைந்துவிடவில்லை. குடில் அமைக்கும் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் மாடும் கழுதையும் மேய்ப்பரும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தாலும், குழந்தைச் சுரூபம் மட்டும் 24 நள்ளிரவு வரை வெளியே வருவதில்லை; அதுவரை வைக்கோல் காலியாகவே கிடக்கிறது. தெர்மாகோல் மலையும் சீரியல் விளக்கும் மோட்டார் நீரோடையும் எத்தனை வந்தாலும், குடில் போட்டிக்குப் பரிசே கொடுத்தாலும், அந்தக் காலி இடத்தை இன்னும் எவரும் நிரப்பவில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு ஏற்பாடு செய்த முதல் குடிலும் திருப்பலிக்காகவே அமைக்கப்பட்டது.

அட்டவணையின் மறுபாதி இன்னும் மோசமாக வறண்டிருக்கிறது. 567இல் தூர் நகரில் கூடிய சங்கம், கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6ஆம் நாள் திருக்காட்சி விழா வரை விழாக்காலம் என்று வகுத்தது. அப்பன்னிரண்டு நாட்களில் டிசம்பர் 26, முதல் இரத்தசாட்சியாகிய ஸ்தேவானின் நாள். டிசம்பர் 28 ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகளின் நாள். பிறப்பின் மறுநாளே கொலையை நினைக்கச் சொல்லும் இவ்வொழுங்கு கடுமையானது; வாழ்த்து அட்டையில் அச்சிட முடியாதது. ஆனால் தமிழ் மண்ணுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில்தான் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில்தான் ஆழிப்பேரலை நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல் கரைகளில் ஏறியது. பண்டிகைக்காக வந்திருந்த யாத்திரிகரும், முந்தின நாள் விழா கொண்டாடிய கடற்கரை மக்களும் மாண்டனர். கடற்கரைப் பங்குகளில் அந்நாள் இன்று கல்லறைத் திருப்பலியோடும் மௌன ஊர்வலத்தோடும் நினைக்கப்படுகிறது. அங்கே எவரும் கிறிஸ்துமஸ் வணிகமயமானதா என்று விவாதிப்பதில்லை. இரண்டாம் நாளுக்குரிய பொருள் அவர்களுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டது. பிற சபைகளோ 26ஆம் நாள் ஸ்டாரை இறக்கிவிட்டுப் புத்தாண்டு ஆராதனைக்கு ஒலிபெருக்கி சரிபார்க்கின்றன.

ஆகவே இம்மடல் முன்வைப்பது எளிய ஏற்பாடு. கேரல் ஆராதனையும் கலைவிழாவும் சங்க விழாக்களும் டிசம்பர் 25க்கும் ஜனவரி 6க்கும் இடையே நகரட்டும். நான்கு ஞாயிறுகளும் தமக்குரிய பாடங்களுக்கும் தமக்குரிய பாடல்களுக்கும் திரும்பட்டும். அட்வெந்துக்குரிய ஆகமனப் பாடல்கள் பாட்டுப்புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருந்தும் பல சபைகளில் மெட்டு மறந்துபோய்விட்டது. பாடகர் குழுவுக்கு நவம்பரில் வேலை இருக்கிறது. தடைகள் மெய்யானவை. சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை செய்வோர் 24 அன்று வந்து 27 அன்று திரும்பிவிடுகின்றனர்; அவர்கள் இல்லாத விழாவில் பெற்றோர்க்கு மகிழ்ச்சி குறையும். அதற்காகக் கலைவிழாவை 25 மாலையிலேயே வைக்கலாம். பிள்ளைகள் அரையாண்டு விடுமுறையில் இருப்பதால் பயிற்சிக்கும் இடையூறில்லை. பள்ளிகள் செமி கிறிஸ்துமஸை விடவேண்டியதில்லை. கேரல் பவனி 25க்குப் பின் போனால் காணிக்கை குறையும் என்று பொருளாளர்கள் அஞ்சுவர், குறையவும் கூடும். ஓராண்டு அதைக் கேரல் கணக்கில் எழுதாமல் தனி வேண்டுகோளாகச் சபையார் முன் வைத்துப் பார்க்கலாம். பட்டியல் இல்லாமல் தெருவரிசையாகச் செல்லும் பவனி எத்தனை புதிய வாசல்களில் நின்றது என்பதையும் அதே நோட்டில் எழுதி வைக்கலாம்.

டிசம்பர் நிகழ்ச்சிகளுக்கான தேதிகள் பெரும்பாலும் அக்டோபர் கமிட்டிக் கூட்டத்தில், சென்ற ஆண்டுத் தாளைப் பார்த்தே நிரப்பப்படுகின்றன. அக்கூட்டத்தில் அந்தப் பழைய தாளை மேசைமேல் வைப்பதற்கு முன், சேகர ஆயரோ பங்குத்தந்தையோ நான்கு ஞாயிறுகளுக்குரிய வேதபாடங்களை ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது. வாசித்த பின்னும் பழைய தாளே போதும் என்று தோன்றினால் அது கமிட்டியாரின் உரிமை. ஆனால் அவ்வாண்டு கடைத்தெருவைக் கண்டித்துப் பிரசங்கம் வேண்டாம்.

இப்படிக்கு,
திருச்சபை நாட்காட்டியில் அக்கறையுள்ள ஒரு வாசகர்